எழுத்துக் கூட்டிப் படித்த வேலை

முப்பத்திரண்டு வருடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "எழுத்துக் கூட்டிப் படிக்கிற வேலை" என்று சொல்வேன். ஆரம்பப் பள்ளி வாத்தியார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் திருத்துவதில்லை.

உண்மையில் நான் மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். 1983இல் சேர்ந்தேன், 2015இல் ஓய்வு பெற்றேன். நான் படித்த எழுத்துகள் மொத்தமே நான்கு: ஏ, சி, ஜி, டி. டிஎன்ஏ என்கிற நீண்ட இழை முழுவதும் இந்த நான்கே மாறி மாறி வரும். மனிதனுக்கு அது சுமார் 300 கோடி எழுத்து. மூக்கு எப்படி இருக்க வேண்டும், ரத்தம் எப்படி ஓட வேண்டும், சாப்பிட்டது எப்படிச் செரிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது.

இந்த எழுத்துகளைப் படிக்கிற முறை என் காலத்திலேயே மூன்று தலைமுறை மாறிவிட்டது. அதைப் பற்றி ஒரு பதிவு எழுதுங்கள் என்று காலை நடைக்கு வரும் நண்பர்கள் ரொம்ப நாளாகச் சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் என் அக்காவை விட்டுவிட்டு எழுத முடியவில்லை. அவளிடம் கேட்டேன். "பேரப் போடாம எழுது" என்றாள். அதனால் யார் பெயரும் இதில் வராது.

அக்காவுக்கு 1967இல் கல்யாணம். அவளுக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளை எங்கள் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, அதாவது எங்கள் தாய்மாமன். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். வெளியே கொடுத்திருந்தால்தான் ஏன் என்று ஊர் கேட்டிருக்கும்.

1969இல் முதல் பிள்ளை பிறந்தது. ஆண். பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தது, நன்றாக அழுதது, பால் குடித்தது. ஐந்தாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தியது. பிறகு துவண்டு போனது. அப்புறம் உடம்பை வில் மாதிரி பின்னால் வளைத்து விறைத்தது. பத்தாம் நாள் போய்விட்டது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது வாசனை. பிள்ளை ஈரம் செய்த துணியை எடுத்தால் வெல்லப்பாகு காய்ச்சுகிற மாதிரி, கொஞ்சம் வெந்தயம் வறுத்த மாதிரி ஒரு வாசம் வரும். "பெத்தவ வெந்தயக் களி திங்கிறால்ல, அந்த வாசந்தான்" என்று பாட்டி சொல்லிவிட்டாள்.

இரண்டாவது பெண் குழந்தை, 1971. அவள் பிழைத்துக்கொண்டாள். 1974இல் மூன்றாவதாக ஒரு ஆண் குழந்தை. அதே ஐந்தாம் நாள், அதே விறைப்பு, அதே வாசம். எட்டு நாள்தான் இருந்தது. 1976இல் பிறந்த கடைசிப் பையன் நன்றாக வளர்ந்தான்.

இரண்டு பிள்ளைகள் அப்படிப் போனதற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. அக்காவின் வயிற்றில் தோஷம். மாமாவை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சீமந்தம், தொட்டில் போடுதல் என்று நல்ல காரியங்களில் அக்காவை முன்னால் நிற்கவிடாமல் பக்குவமாகப் பின்னுக்குத் தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன். அவளும் தானாகவே சமையல்கட்டுக்குள் போய்விடுவாள்.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

டிஎன்ஏவைப் படிக்கும் முதல் தலைமுறை முறையைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிரெடரிக் சாங்கர். 1977இல் வெளியிட்டார். வேதியியலுக்காக இரண்டு முறை நோபல் பரிசு வாங்கியவர், 1958இல் ஒன்று, 1980இல் ஒன்று. அவர் ஓய்வு பெற்றது 1983இல், நான் வேலைக்குச் சேர்ந்த அதே வருடம். ஓய்வுக்குப் பிறகு வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். அந்த விஷயத்தில் நம் எல்லாருக்கும் அவர் முன்னோடி.

அவருடைய முறை இதுதான். ஒரு பழைய ஓலையைப் பார்த்து ஆயிரக்கணக்கான பேர் படி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களை நான்கு அறைகளில் உட்கார வைக்கிறோம். முதல் அறையில் கொடுக்கும் ஏ எழுத்துகளில் மட்டும் சில கள்ள எழுத்துகளைக் கலந்துவிடுகிறோம். கள்ள எழுத்து வந்து ஒட்டிக்கொண்டால் அதற்கு மேல் எதுவும் ஒட்டாது, படி அங்கேயே நின்றுவிடும். யாருக்கு எந்த ஏயில் கள்ளன் சிக்குவான் என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த அறையில் கிடைக்கும் அரைகுறைப் படிகள் எல்லாம் ஏதோ ஓர் ஏயில் முடிந்திருக்கும். இதே மாதிரி சிக்கு ஓர் அறை, ஜிக்கு ஓர் அறை, டிக்கு ஓர் அறை. பிறகு எல்லாப் படிகளையும் நீள வாரியாக அடுக்கினால், மிகச் சிறியது எந்த அறையிலிருந்து வந்ததோ அதுதான் முதல் எழுத்து. அடுத்தது எந்த அறையோ அது இரண்டாவது எழுத்து.

சொல்வதற்கு எளிது. அந்த அடுக்குகிற வேலைதான் என் வேலை. ஒரு முழ நீளக் கண்ணாடித் தகடுகள் இரண்டு, நடுவில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. அதற்குள் அக்ரிலமைடு கரைசலை ஊற்றி ஜெல்லாக உறைய வைக்க வேண்டும். அக்ரிலமைடு நரம்பைத் தாக்கும் விஷம், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஊற்றும்போது ஒரே ஒரு காற்றுக்குமிழி விழுந்தாலும் போச்சு, கழுவிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஜெல்லின் தலையில் நான்கு நான்கு குழிகளாகப் படிகளை விட்டு, ஆயிரத்து ஐந்நூறு வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் பாய்ச்சினால் சின்னவை வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் கீழே இறங்கும். நடுவில் சூடு கூடிவிட்டால் கோடுகள் சிரிக்கிற வாய் மாதிரி வளைந்துவிடும். அது சிரிக்கும், நாங்கள் அழுவோம். பாதியில் மின்சாரம் போனால் கேட்கவே வேண்டாம்.

படிகள் கண்ணுக்குத் தெரிவதற்காக அவற்றில் கதிரியக்கப் பாஸ்பரஸ் சேர்ப்போம். பதினான்கு நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். பால் மாதிரி, வந்த கையோடு பயன்படுத்திவிட வேண்டும். பார்சல் வருகிற வாரத்தில் வீட்டு விசேஷம் எதற்கும் போக முடியாது. ஜெல்லைக் காயவைத்து, இருட்டறையில் எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்துப் பூட்டி வைத்து, மறுநாள் சிவப்பு விளக்கில் கழுவினால், ஃபிலிமில் ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள் தெரியும். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நான் ஏலம் விடுகிற மாதிரி "ஜி, ஏ, ஏ, டி, சி" என்று சொல்வேன். எதிரில் ஓர் ஆராய்ச்சி மாணவர் எழுதிக்கொள்வார். பிறகு அவர் படிப்பார், நான் எழுதுவேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும். ஒரு மாதிரிக்கு இருநூற்றைம்பது எழுத்து தேறினால் அன்று நல்ல நாள்.

1988 சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா மதுரைக்கு வந்திருந்தாள். வீட்டில் ஒரு பழைய ஃபிலிம் கிடந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "இதுல எம்பிள்ளைகளுக்கு என்ன ஆச்சுன்னு பாக்க முடியாதா தம்பி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று ராத்திரி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒரு ஜெல்லில் எட்டு மாதிரி, ஆளுக்கு இருநூற்றைம்பது எழுத்து, மொத்தம் இரண்டாயிரம். வாரத்துக்கு இரண்டு ஜெல். வருடத்துக்கு இரண்டு லட்சம் எழுத்து. 300 கோடியைப் படிக்க எனக்கு 15,000 வருடம் ஆகும், லீவு போடாமல் இருந்தால். "இப்போதைக்கு முடியாதுக்கா" என்றேன். "சரி விடு" என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

2000 வாக்கில் எங்கள் கூடத்துக்குத் தானியங்கி இயந்திரம் வந்தது. இதற்கான அடிப்படை 1986இலேயே அமெரிக்காவில் லீராய் ஹூட் குழுவினர் போட்டது. கதிரியக்கத்துக்குப் பதில் நான்கு நிறச் சாயம். நான்கு எழுத்துக்கு நான்கு நிறம் என்பதால் நான்கு அறைகள் தேவையில்லை, எல்லாம் ஒரே குழியில் ஓடும். பிறகு கண்ணாடித் தகடும் போய், தலைமுடி மாதிரி மெல்லிய குழாய்கள் வந்துவிட்டன. முடிவில் லேசர் ஒளி நிறத்தைப் பார்த்துச் சொல்ல, கணினி மலைமுகடுகள் மாதிரி வரைபடம் போடும். ஒவ்வொரு முகடும் ஓர் எழுத்து. எங்கள் இயந்திரத்தில் பதினாறு குழாய். நான் ஒரு வருடத்தில் படித்ததை அது ஒரு வாரத்தில் படித்துவிடும்.

ஆனாலும் இது தலைமுறை மாற்றம் இல்லை. சாங்கர் முறைக்கே புதுச் சட்டை போட்ட மாதிரி. அந்தச் சட்டையில்தான் மனித மரபணுத் திட்டமே முடிந்தது. 1990இல் தொடங்கி 2003 வரை, பல நாடுகளில், சுமார் 300 கோடி டாலர் செலவில். எழுத்துக்கு ஒரு டாலர் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அந்த நாட்களில் ஒரு கருத்தரங்கில் ஒரு குழந்தை மருத்துவர் பேசினார். பின் வரிசையில் ஸ்லைடு மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புரதத்தில் இருக்கும் லூசின் முதலான மூன்று அமினோ அமிலங்களை உடைக்க முடியாமல் சில குழந்தைகள் பிறக்கும், பால் குடிக்கக் குடிக்க அதுவே விஷமாகும், நான்கைந்து நாளில் துவண்டு விறைத்து இறந்துபோகும் என்றார். 1954இல் அமெரிக்காவில் மென்கீஸ் என்ற மருத்துவர் ஒரே குடும்பத்தில் இப்படி இறந்த நான்கு குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். சிறுநீரின் வாசனையை வைத்து, அந்த ஊர் மேப்பிள் மரப்பாகின் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள். பிறகு அந்த மருத்துவர் சொன்னார்: "நம் ஊரில் யாருக்கும் மேப்பிள் பாகு தெரியாது. வெந்தய வாசம் என்று சொல்வார்கள். இரண்டிலும் வாசனை தருவது ஒரே பொருள்தான்."

எனக்கு அடுத்த ஸ்லைடை மாற்றத் தோன்றவில்லை. இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் மாற்றினேன்.

அப்பா ஒரு பிரதி, அம்மா ஒரு பிரதி என்று ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி கிடைக்கிறது. ஒன்று பழுதானால் மற்றது சமாளிக்கும். பழுதான பிரதியைச் சுமப்பவருக்குத் தெரியவே தெரியாது. கணவன், மனைவி இருவரும் அதே பழுதைச் சுமந்தால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு இரண்டுமே பழுதாகக் கிடைக்க. ஒரே தாத்தா பாட்டியின் ரத்தம் இரு பக்கமும் வரும் கல்யாணத்தில் அந்த வாய்ப்பு கூடுகிறது. இது எல்லாம் எனக்கு அன்றே தெரியும். ஆனால் ஊருக்குப் போய் அக்காவிடம் சொல்லவில்லை. நிரூபிக்க ஒன்றும் இல்லை, போன பிள்ளைகளின் ரத்தமும் இல்லை, ஆறின புண்ணைக் கிளறுவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது வருடத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் உண்மையான அடுத்த தலைமுறை வந்துவிட்டது. அதில் நமக்குச் சந்தோஷப்பட ஒரு விஷயம் உண்டு. ஷங்கர் பாலசுப்ரமணியன் என்பவர் 1966இல் நம் சென்னையில் பிறந்து, குழந்தையாகவே பெற்றோரோடு இங்கிலாந்து போனவர். கேம்பிரிட்ஜில் வேதியியல் பேராசிரியர். அவரும் டேவிட் கிளெனர்மன் என்ற சக பேராசிரியரும் 1997 கோடையில் பேசிப் பேசி உருவாக்கிய யோசனை இது. அவர்கள் தொடங்கிய சொலெக்ஸா நிறுவனத்தை 2007இல் இல்லுமினா வாங்கியது.

இந்த முறையில் இழையை நீளமாக ஓட்டிப் படிப்பதே இல்லை. டிஎன்ஏவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து, ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் கோடிக்கணக்கில் நட்டுவிடுகிறார்கள். நெல் நாற்று மாதிரி. ஒவ்வொரு துண்டும் அங்கேயே பெருகி ஒரு சிறு குத்தாகிறது. பிறகு நிறம் பூசிய எழுத்துகளை விடுகிறார்கள். ஒவ்வொரு குத்திலும் ஒரே ஓர் எழுத்து ஒட்டும். உடனே படம் எடுத்துக்கொண்டு, நிறத்தைக் கழற்றிவிட்டு, அடுத்த எழுத்து, அடுத்த படம். கோடிக்கணக்கான துண்டுகளும் ஒரே நேரத்தில் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கப்படுகின்றன. 2017இல் வந்த பெரிய இயந்திர வகை இரண்டு நாளில் 6 லட்சம் கோடி எழுத்து வரை படிக்கும். என் 15,000 வருடக் கணக்கை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு துண்டும் நூறு, நூற்றைம்பது எழுத்துதான். என் பழைய ஜெல்லே இதைவிட நீளமாகப் படித்தது. ஒரு நாவலின் நூறு பிரதிகளைக் கிழித்துப் போட்டு, துணுக்குகளை வைத்துப் புத்தகத்தை மறுபடி சேர்ப்பது மாதிரி. ஏற்கெனவே ஒரு முழுப் புத்தகம் கையில் இருந்தால்தான் எளிது, அந்தப் புத்தகம்தான் 2003இல் முடிந்தது. அப்போதும், பாட்டில் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில், ஒரு துணுக்கு எந்த இடத்துப் பல்லவி என்று சொல்ல முடியாது.

அதற்கு மூன்றாம் தலைமுறை வந்தது. ஓய்வுக்குப் பிறகு ஒரு தடவை பழைய இடத்துக்குப் போயிருந்தேன். ஒரு மாணவி மடிக்கணினியில் ஸ்டேப்ளர் அளவு ஒரு சாமானைச் செருகி வைத்திருந்தாள். "இதுதான் சார் சீக்வென்சர்" என்றாள். நான் சுற்றிப் பார்த்தேன், மீதி எங்கே என்று. மீதி கிடையாது. ஒரு சவ்வில் மிக நுண்ணிய துளை, அதற்குள் டிஎன்ஏ இழை ஊசியில் நூல் போவது போல் நுழைந்து போகிறது. எந்த எழுத்து துளையில் இருக்கிறதோ அதற்கேற்ப மின்னோட்டம் மாறுகிறது. படி எடுப்பதும் இல்லை, சாயமும் இல்லை. 2016இல் விண்வெளி நிலையத்திலேயே இதை வைத்துப் படித்துவிட்டார்கள். ஒரே மூச்சில் பல ஆயிரம் எழுத்து, சில சமயம் லட்சத்துக்கும் மேல். ஆரம்பத்தில் தப்பு நிறைய, இப்போது குறைந்திருக்கிறது. இப்படி நீளமாகப் படிக்கும் கருவிகள் வந்த பிறகுதான், 2003இல் முடிந்தது என்று சொன்ன மனித மரபணுவில் விடுபட்டிருந்த சுமார் 8 சதவீதத்தையும் 2022இல் நிரப்ப முடிந்தது. விடுபட்டதில் பெரும்பகுதி அந்தப் பல்லவிகள்தான்.

இன்னொரு சுவையான செய்தி. 1977இல் சாங்கர் குழுவினர் முதன்முதலாக முழுசாகப் படித்த டிஎன்ஏ, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபை எக்ஸ் 174 என்ற வைரசினுடையது. 5,386 எழுத்து. 2005இல் சொலெக்ஸாக்காரர்கள் தங்கள் இயந்திரத்தை முதலில் சோதித்ததும் அதே வைரசில்தான். இன்றைக்கும் அந்த இயந்திரங்கள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்க அதையே கொஞ்சம் கலந்து ஓட்டுகிறார்கள். எத்தனை மாடி கட்டினாலும் குலதெய்வத்துக்கு முதல் பொங்கல் வைக்கிற மாதிரி.

இப்போது 2023க்கு வருகிறேன். அக்காவின் பெண் வயிற்றுப் பேரனுக்கும், பையன் வயிற்றுப் பேத்திக்கும் கல்யாணம் பேசினார்கள். அத்தை மகன், மாமன் மகள். இருபத்தொன்பது, இருபத்திரண்டு வயது. பிள்ளைகளுக்கும் சம்மதம். வீடே சந்தோஷமாக இருந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். வெந்தய வாசத்திலிருந்து ஆரம்பித்து முழுவதையும். முடிப்பதற்குள் அக்கா மகள் எழுந்துவிட்டாள். "நல்ல காரியம் பேசுறப்ப செத்த பிள்ளைக கதை எதுக்கு மாமா?" என்றாள். யாரும் பேசவில்லை. பிறகு அக்காதான் சொன்னாள்: "எங்க ரெண்டு பேரு ரத்தத்தையும் மொதல்ல எடுக்கச் சொல்லு."

மருத்துவமனையில் மரபியல் ஆலோசகரான அந்தப் பெண் டாக்டர் ஒரு குடும்ப மரம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். சாதாரணக் கல்யாணத்துக்கு ஒற்றைக் கோடு, சொந்தத்துக்குள் என்றால் இரட்டைக் கோடு. அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவில் இரட்டைக் கோடு போட்டார். கீழே நான்கு பிள்ளைகள், அதில் இரண்டு சதுரத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு. "அது என்னம்மா?" என்று அக்கா கேட்டாள். டாக்டர் சொன்னார். மாமா அப்போதும் ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். எண்பத்து மூன்று வயதுக் கை.

300 கோடியையும் படிக்கவில்லை. புரதம் செய்யும் கட்டளைகள் இருக்கும் பகுதி மொத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான், அதை மட்டும் இரண்டாம் தலைமுறை இயந்திரத்தில் படித்தார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரு பவுன் நகைக்கு ஆகும் பணத்துக்குள் முடிந்தது. நான்கு வாரத்தில் முடிவு வந்தது. ஒவ்வொருவரிடமும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்து வித்தியாசங்கள். பெரும்பாலும் ஒரு கெடுதலும் செய்யாதவை. இருவருக்கும் பொதுவானவை, அந்த நோய்க்குரிய மரபணுக்களில் இருப்பவை என்று சலித்துச் சலித்து வந்தால் கடைசியில் ஒன்று நின்றது. சி இருக்க வேண்டிய இடத்தில் டி. அந்த ஓர் எழுத்து மாறினால் புரதம் பாதியிலேயே முற்றுப்புள்ளி வைத்து நின்றுவிடும்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு படம் இருந்தது. நிறம் நிறமாக முகடுகள். கோடிக்கணக்கில் படித்துக் கண்டுபிடித்த எழுத்தை, உறுதி செய்வதற்காக, அந்த ஒரு சின்ன இடத்தை மட்டும் சாங்கர் முறையில் மறுபடி படித்திருந்தார்கள். வைக்கோற்போரில் ஊசியைத் தேடப் புது இயந்திரம் வேண்டும். கிடைத்தது ஊசிதானா என்று பார்க்கப் பழசு போதும்.

ஊருக்குப் போய் அக்காவுக்கும் மாமாவுக்கும் அந்தப் பக்கத்தைத் திண்ணையில் வைத்துக் காட்டினேன். பழைய பழக்கத்தில் வாய்விட்டே படித்தேன். ஒவ்வோர் இடத்திலும் ஒரு முகடுதான். அந்த ஓர் இடத்தில் மட்டும் நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று, ஒன்றின் மேல் ஒன்றாக, இரண்டும் பாதி உயரம். நல்ல பிரதி ஒன்று, பழுது ஒன்று.

"இது என்னுதா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"கீழ இருக்கிறது?"

"அது மாமாவுது."

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கே" என்றாள்.

"ஒண்ணேதான்க்கா. ஒங்க ரெண்டு பேர்ட்டயும் இருந்ததாலதான் பிள்ளைகளுக்கு வந்துச்சு. ஒருத்தர்ட்ட மட்டும் இருந்தா வந்திருக்காது."

அவள் அழவில்லை. விரலை மாமாவின் முகட்டின் மேல் வைத்துக்கொண்டு, "அம்பத்தி நாலு வருசம்" என்று மட்டும் சொன்னாள். மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அவர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பேரனுக்கும் பேத்திக்கும் முழுப் பரிசோதனை தேவைப்படவில்லை. எந்த எழுத்து என்று தெரிந்துவிட்டதால் அந்த ஓர் இடத்தை மட்டும் சாங்கர் முறையில் பார்த்தார்கள். இருவரிடமும் இருந்தது. கல்யாணம் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. நான்கில் ஒரு பங்கு என்பதையும், கருவிலேயே பார்க்கும் வசதி இருப்பதையும், பிறந்தவுடன் கண்டுபிடித்தால் தனிப் பால்மாவு, கட்டுப்பாடான உணவு என்று காப்பாற்றப் பார்க்கலாம் என்பதையும் பொறுமையாகச் சொன்னார். பிள்ளைகள் இருவரும் ஒரு வாரம் யோசித்தார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பேத்தி என்னிடம் வந்து, "நீங்க சொன்னது நல்லதுதான் சின்னத் தாத்தா" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா மகள் அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். விசேஷங்களில் எதிரில் வந்தால் திரும்பிக்கொள்வாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். மகன் கல்யாணத்துக்குப் புடவைகூட எடுத்து வைத்திருந்தாள். கருத்தரங்கிலிருந்து வந்த அன்றே நான் பேசியிருந்தால், அந்தப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஆசை வைப்பதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இயந்திரம் வருவதற்காக நான் காத்திருந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அது முழு உண்மையில்லை.

இதைப் படிக்கும் உங்களில் யார் வீட்டிலாவது, இப்படிப் பிறந்த சில நாளில் காரணம் தெரியாமல் போன பிள்ளைகள் இருந்தால், பேசாமல் வைத்துக்கொள்ளாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசுவதற்கு முன்பே ஒரு டாக்டரிடம் சொல்லுங்கள். எத்தனை நாளில் போனது, எப்படி இருந்தது, என்ன வாசம் வந்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள். எந்த இடத்தில் தேட வேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்வது அந்த ஞாபகங்கள்தான்.

பேரனுக்கு 2024இல் வெளியே பெண் எடுத்தார்கள். போன மாதம் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஆறாம் நாள் ராத்திரி பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. அக்கா மகள்.

"மாமா, குதிகால்ல குத்தி எடுத்த ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாக."

"நல்லதும்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இருந்தாலும் தினமும் துணிய மோந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா. ஒரு வாசமும் இல்ல. பால் வாசந்தான்."